போலீஸ் கணக்கா, ஏற்பாட்டாளர் கணக்கா, நிருபரின் சொந்தக் கணக்கா?

2011 ஜூலை 9, கோலாலம்பூரில் தேர்தல் சீர்திருத்தம் கேட்டு நடந்த பெர்சே 2.0 பேரணி. போலீஸ் சொன்னது ஏறக்குறைய 6,000 பேர், ஏற்பாட்டாளர்கள் சொன்னது 50,000. அதே ஊர், அதே மதியம், எட்டு மடங்கு வித்தியாசம். அன்று செய்தி எழுதியவர் எதைப் போட்டிருக்க வேண்டும்?

போலீஸ் கணக்கில் நிருபருக்கு ஒரு சௌகரியம் உண்டு. யாராவது சண்டைக்கு வந்தால் “அதிகாரபூர்வமாகச் சொன்னதுதான்” என்று கைகாட்டிவிடலாம். ஆனால் சாலைகளை அடைத்து, 1,600 பேருக்கு மேல் கைது செய்த தரப்புக்குக் கூட்டம் சின்னதாகத் தெரிந்தால்தானே நல்லது? ஏற்பாட்டாளர் கணக்கும் அதே கதைதான், பக்கம் மட்டும் வேறு.

சரி, இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டுவிடலாம் என்பதுதான் பெரும்பாலான நாளிதழ்களின் வழி, நடுநிலை என்று பெயரும் கிடைக்கிறது. எனக்கு இதில்தான் அதிகக் கோபம். படிப்பவர் என்ன செய்வார்? 28,000 இருக்கும் என்று மனசுக்குள் நடுவே ஒரு எண்ணைப் போட்டுக்கொள்வார், அந்த எண்ணுக்கு ஒரு ஆதாரமும் கிடையாது. நேரில் போய் நின்ற நிருபர் கண்ணால் பார்த்தது என்ன என்பது மட்டும் செய்தியில் வராது.

நாலாவது வழி, தானே கணக்கிடுவது. 1960களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ், கீழே நடந்த மாணவர் போராட்டங்களைத் தன் அலுவலக ஜன்னலிலிருந்து பார்த்து, தரையிலிருந்த கட்டங்களை வைத்து ஒரு முறையை உருவாக்கினார். ஆட்கள் தளர்வாக நின்றால் ஒருவருக்கு 10 சதுர அடி, நெருக்கி நின்றால் 4.5 சதுர அடி, கூட்டம் நிற்கும் பரப்பை அதால் வகுத்தால் முடிந்தது. ஓட்டை எங்கே என்றால், 45,000 சதுர அடி மைதானம் இப்படிப் பார்த்தால் 4,500 பேர், அப்படிப் பார்த்தால் 10,000 பேர், இரண்டு மடங்குக்கு மேல் ஆடுகிறது. ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான், ஏனென்றால் பரப்பையும் நெருக்கத்தையும் செய்தியிலேயே எழுதிவிட்டால் யார் வேண்டுமானாலும் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு “இல்லை, இந்த ஓரம் காலியாகத்தானே கிடக்கிறது” என்று வாதாடலாம். போலீஸ் சொன்ன 6,000-ஐயோ ஏற்பாட்டாளர் சொன்ன 50,000-ஐயோ வைத்து அப்படி வாதாட முடியுமா?

ஒரே எண்ணாகச் சொல்லாமல் வரம்பாகச் சொல்வதும் முக்கியம். 2017-இல் மரியா புயல் தாக்கிய போர்ட்டோ ரிக்கோவில் அரசு சொன்ன சாவு 64. அடுத்த ஆண்டு ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 4,645 என்று மதிப்பிட்டார்கள், ஆனால் அவர்கள் கொடுத்த வரம்பு 793 முதல் 8,498 வரை. தலைப்புகளில் ஓடியதோ நடு எண் மட்டும். அப்புறம் வேறொரு பல்கலைக்கழக ஆய்வு 2,975 என்று சொல்லி அரசும் அதை ஏற்றுக்கொண்டபோது, ஹார்வர்ட் எண் பொய் என்று கிளம்பிவிட்டார்கள். வரம்பையும் தலைப்பிலேயே போட்டிருந்தால் 2,975 அதற்குள்தானே இருக்கிறது!

இத்தனை சொல்லிவிட்டு, கோலாலம்பூர் பக்கத்தில் இருக்கிற முருகன் கோயிலான நம்ம பத்துமலையை விட முடியாது. தைப்பூசத்துக்கு “ஒரு மில்லியனுக்கு மேல்” என்று வருடா வருடம் படிக்கிறோம். இங்கே ஜேக்கப்ஸ் முறை உதவாது, அவர் கணக்கு ஒரே நேரத்தில் நிற்கிற கூட்டத்துக்கு, பத்துமலையில் ஆட்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கிறார்கள். வாசலில் நின்று நிமிடத்துக்கு எத்தனை பேர் உள்ளே போகிறார்கள் என்றுதான் எண்ண வேண்டும். 48 மணி நேரத்தில் ஒரு மில்லியன் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 350 பேர், விடியற்காலை மூன்று மணிக்கும் குறையாமல். ரதம் வந்து திரும்பும் வரை எல்லா நாளையும் சேர்த்தால் அந்த வேகம் இறங்கும், அதனால் அந்த எண் தப்பு என்று சொல்ல வரவில்லை. எத்தனை நாள் கணக்கு, யார் எண்ணியது, எந்த வாசலில் என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள், அதுவும் முடியாதென்றால் “திரளாக வந்தார்கள்” என்று எழுதிவிட்டுப் போங்கள்.