பீனட்ஸுக்கு 75: பெயரை நேராக வைப்பதா, ஒளித்து வைப்பதா?

சார்ல்ஸ் ஷுல்ட்ஸின் பீனட்ஸ் சித்திரத்தொடர் 1950 அக்டோபர் 2 அன்று 7 அமெரிக்க நாளிதழ்களில் தொடங்கியது. 2025-இல் அதற்கு வயது 75. இதைக் கொண்டாடும் ஆங்கிலக் குறுக்கெழுத்தை இரண்டு விதமாகப் பின்னலாம்.

ஒன்று, பாத்திரங்களின் பெயரை அப்படியே வைப்பது. வழக்கமான தினசரிக் கட்டம் 15-க்கு 15. பெப்பர்மின்ட் பேட்டிக்கு ஆங்கிலத்தில் சரியாக 15 எழுத்து. ஒரு வரிசை முழுக்க அவளுக்கே. ஷ்ரோடருக்கும் உட்ஸ்டாக்குக்கும் 9 எழுத்து. மேலும் கீழுமாகச் சமச்சீராக உட்கார்ந்துகொள்வார்கள். ஷுல்ட்ஸ் எண்ணிப் பார்த்துத்தான் பெயர் வைத்தாரோ என்னவோ! ஆனால் தொடரின் நாயகன் சார்லி பிரவுன் சிக்கியதும் மற்றதெல்லாம் தெரிந்துவிடும். அப்புறம் சுவாரசியம் குறைவு.

இன்னொன்று, ஒளித்து வைப்பது. ‘யூனிவர்சலி’ என்ற சொல்லின் கடைசி 5 எழுத்தில் சார்லியின் தங்கை சாலி பதுங்கியிருக்கிறாள். தொடரைப் படிக்காதவரும் நிரப்பிவிடலாம். படித்தவருக்குக் கூடுதலாக ஒரு சிரிப்பு. சார்லியின் நாய் ஸ்னூப்பிதான் சிக்கல். அந்த 6 எழுத்தை வேறு சொல்லுக்குள் நுழைப்பது பெரும்பாடு. அவன் இல்லாமல் என்ன விழா?

என் ஓட்டு ஒளித்து வைப்பதற்கே, ஸ்னூப்பியை மட்டும் வெளியே விட்டுவிட்டு. 6 இரட்டைப்படை, 15 கட்ட வரிசையின் நட்டநடுவில் உட்காராது; சமச்சீருக்கு எதிர்ப்பக்கம் அதே நீளத்தில் ஒரு ஜோடி வேண்டும். சரி, அவனுடைய இனமான பீகிளுக்கும் 6 எழுத்துதானே!