காது மிஷின்: ஆறு மாதம் போட்டுப் பார்த்த பிறகு

எனக்கு வயது 71. கடலூர் மஞ்சக்குப்பம். 34 வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்தவன். மூன்று வருடமாகக் காது மந்தம். சத்தம் கேட்கும், ஆனால் என்ன பேசுகிறார்கள் என்று பிடிபடாது. மனைவி கத்தியைக் கேட்டால் பத்தியை எடுத்து நீட்டியிருக்கிறேன். வீட்டில் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. ஆண்கள் பேச்சாவது பரவாயில்லை, பேத்தி பேசுவது ஒன்றுமே புரியாது. வயதானால் கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் போகுமாம். குழந்தைகளின் குரலும் க, ச, த, ப போன்ற எழுத்துகளும் அதில்தான் அடிபடுகின்றன.

முதலில் ஒரு கடையில் 12,000 ரூபாய்க்கு ஒரு மிஷின் வாங்கினேன். பரிசோதனை எதுவும் இல்லை, காதில் மாட்டி "கேட்குதா ஐயா?" என்றார்கள். கேட்டது. வீட்டுக்கு வந்தால் பேச்சும் மின்விசிறியும் பாத்திரச் சத்தமும் ஒரே அளவுக்கு இரைந்தன. பத்து நாளில் அலமாரிக்குள் போய்விட்டது.

இரண்டாவது முறை மகள் விடவில்லை. காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் முதலில் குரும்பியை எடுத்தார், அதற்கே கொஞ்சம் தெளிந்தது. அப்புறம் புதுச்சேரியில் அவள் வீட்டுப் பக்கம் உள்ள ஒரு செவித்திறன் மையம். சத்தம் புகாத அறையில் உட்கார வைத்து, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். எனக்குக் கேட்ட அளவை வரைபடமாகப் போட்டுக் காட்டினார்கள். அதில் கீச்சென்ற ஒலிகள் இருக்கும் வலது பக்கம் போகப் போக என் கோடு படி இறங்குவது போல இறங்கியிருந்தது. எந்த ஒலி குறைகிறதோ அதை மட்டும் கூட்டி மிஷினை அமைத்தார்கள். இரண்டு காதுக்கும் 46,000 ரூபாய். காது மிஷினுக்கு ஜிஎஸ்டி கிடையாது, பில்லைப் பார்த்து வாங்குங்கள்.

கண்ணாடி மாதிரி போட்டவுடனே சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். முதல் வாரம் செய்தித்தாளைப் புரட்டும் சத்தமே எரிச்சலாக இருந்தது. பாடலீசுவரர் கோயில் மணிக்குக் கழற்றிவிட்டேன். தினமும் இரண்டு மணி நேரம், பிறகு நான்கு என்று கூட்டிக்கொண்டே போனேன். மூன்று தடவை திரும்பப் போய் அளவை மாற்றிக்கொண்டேன். ஒரு தடவைகூடத் தனியாகக் காசு கேட்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. நான் காசு கொடுத்தது மிஷினுக்கு என்பதைவிட இந்தப் பொறுமைக்குத்தான் என்று நினைக்கிறேன். குறை ஒன்று உண்டு: மையம் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் இல்லை. முழங்கால் வலியோடு வருகிறவர்களை நினைத்துக் கீழே ஓர் அறை எடுத்தால் புண்ணியம்.

பேட்டரி 312 நம்பர், பழுப்பு ஸ்டிக்கர். ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடம் காற்றுபட வைத்துவிட்டுப் போட வேண்டும். எனக்கு ஒரு வாரம் வருகிறது. கடலோர ஊரில் ஈரம்தான் இதற்கு எதிரி. இரவில் பேட்டரி மூடியைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் பை போட்ட டப்பாவில் வைத்துவிடுகிறேன். சிவப்புக் குறி வலது காது, நீலம் இடது.

கல்யாண மண்டபத்தில் இன்னும் திணறல்தான். சில்வர் பீச்சில் காற்றடித்தால் இரைகிறது. ஆனால் போன ஞாயிறு பேத்தி போனில் திருக்குறள் ஒப்பித்தாள், நடுவில் ஒரு சீரை விட்டுவிட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை நான்காவது தடவை போகிறேன், பஸ் இரைச்சலைக் கொஞ்சம் குறைக்கச் சொல்ல வேண்டும்.