டம்மியா, நடிப்பு நோயாளியா, வார்டா? நர்சிங் மாணவர்கள் முழு மனிதரைப் பார்க்கப் பழகுவது எங்கே?

ஒரு மாணவி வார்டில் நிரப்பிக்கொண்டு வந்த படிவம். ‘தூக்கம்’ என்ற கட்டத்தில் ‘இயல்பு’ என்று எழுதியிருந்தாள். எப்படிக் கேட்டாய் என்றேன். “நல்லா தூங்குறீங்களாம்மான்னு கேட்டேன் மேடம், ஆமான்னாங்க.” சரி வா என்று கட்டிலருகே கூட்டிப்போய், “ராத்திரி எத்தனை தலையணை வைச்சுப் படுப்பீங்கம்மா?” என்று கேட்டேன். “மூணு. சில நாள் உட்கார்ந்தே தூங்கிடுவேன். படுத்தா மூச்சு முட்டுது” என்றார் அந்த அம்மா. கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்து, பள்ளம் விழுவதையும் மாணவி சரியாகவே குறித்திருந்தாள். வீக்கத்தையும் தலையணையையும் சேர்த்துப் பார்த்தால் இதயத்தின் மேல் சந்தேகம் வரவேண்டும். அந்த இடத்தில்தான் கோட்டைவிட்டாள்.

உடம்பு, மனசு, குடும்பம், நம்பிக்கை எல்லாவற்றையும் சேர்த்து ஒருவரை மதிப்பிடுவதைக் கற்றுக்கொடுக்க மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன.

டம்மிதான் மூத்தது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் மருத்துவமனை நர்சிங் பள்ளிக்கு 1911-லேயே ‘மிஸஸ் சேஸ்’ என்ற ஆளுயர பொம்மை வந்துவிட்டது. கை பழக இதைவிட நல்ல வழி கிடையாது. வயிற்றைப் பரிசோதிக்கும் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற இடங்களில் பார்த்து, தொட்டு, தட்டி, கடைசியாகக் கேட்பது வழக்கம். வயிற்றில் மட்டும் பார்த்தவுடன் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட வேண்டும், ஏனென்றால் முதலில் அழுத்தினால் குடலின் ஒலி மாறிவிடலாம். இதைப் பத்துத் தடவை தப்பாகச் செய்து திருத்திக்கொள்ள டம்மி இடம்கொடுக்கும், நோயாளி கொடுக்க முடியாது. இன்றைய டம்மிகளுக்கு நெஞ்சு ஏறி இறங்கும், நுரையீரல் ஒலி கேட்கும், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஆசிரியர் குரல் கொடுத்தால் பேசவும் செய்யும். ஆனால் அது கூச்சப்படாது, எதையும் மறைக்காது. “வீட்டில் யார் இருக்காங்க?” என்று அதனிடம் கேட்கும் மாணவர் பாதியில் சிரித்துவிடுவார்.

நடிப்பு நோயாளி என்பது, ஒரு நோயாளியின் கதையையும் நடையையும் பேச்சையும் பயிற்சி எடுத்து நடிப்பவர். ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் 1963-ல் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் தொடங்கிவைத்த முறை. 1975-ல் ரொனால்ட் ஹார்டன் அறிமுகப்படுத்திய ஆஸ்கி (OSCE) என்ற செய்முறைத் தேர்வுகளின் மூலம் எங்கும் பரவிவிட்டது. இதன் அருமை, கதையில் ஒரு பூட்டு வைக்கலாம் என்பது. ‘கணவருக்கு வேலை போனதால் மாத்திரையைப் பாதியாக்கிச் சாப்பிடுகிறேன்’ என்பது கதையில் இருக்கும். “மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?” என்றால் “ம்” என்று மட்டும் பதில் வரும். “போன வாரம் எந்தெந்த நாள் மாத்திரை விட்டுப்போச்சு?” என்று கேட்டால்தான் பூட்டு திறக்கும். முடிந்ததும் அவரே சொல்வார்: “நீ படிவத்தைத்தான் பார்த்துப் பேசினே, என்னைப் பார்க்கலை.” ஆசிரியர் சொல்வதைவிட இது உறைக்கும்.

குறையும் உண்டு. அவர் ஆரோக்கியமானவர், அழுத்தினால் காலில் பள்ளம் விழாது. இன்னொரு ஆபத்து, மாணவர்களும் நடிக்கப் பழகிவிடுவார்கள். மூன்றாவது நிமிடத்தில் தலையை ஆட்டி “உங்க கஷ்டம் புரியுது” என்று சொன்னால் மதிப்பெண் என்று தெரிந்துவிட்டால் போதும், கஷ்டம் என்னவென்று கேட்பதற்கு முன்பே புரிந்துவிடுகிறது.

வார்டில் எல்லாமே உண்மை. நோயாளி கிடைப்பதோ அதிர்ஷ்டம். ஒருத்திக்குச் சுவாரசியமான கேஸ் அமையும், இன்னொருத்திக்கு நாளெல்லாம் தூங்கும் நோயாளி. ஒரே பெரியவரிடம் ஆறு மாணவர்கள் ஆறு தடவை “மலம் போச்சா?” என்று கேட்பதும் நடக்கும். ஆசிரியரால் ஒரு கட்டிலருகே நிற்க முடியும், பத்து இடத்தில் நிற்க முடியாது. தப்பான கேள்வி யார் காதிலும் விழாமல் போய்விடும்.

படிவத்தை மாற்றினால் சரியாகிவிடும் என்பாரும் உண்டு. உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்ப்பதா, நர்சிங் பேராசிரியர் மார்ஜரி கார்டன் வகுத்த 11 செயல்பாட்டு வகைகளின்படி கேட்பதா என்ற சண்டை அது. முதலாவது வேகமானது, ஆனால் உடம்போடு நின்றுவிடும். எனக்குக் கார்டன்தான் பிடிக்கும். தூக்கம், உறவுகள், தன்னைப் பற்றிய எண்ணம், மன அழுத்தத்தைச் சமாளிப்பது, நம்பிக்கைகள் எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருக்கிறது. ஆனாலும் அந்த அம்மாவின் தலையணை தூக்கத்தில் விழும், நடந்தால் வரும் மூச்சிரைப்பு செயல்பாட்டில் விழும், கால் வீக்கம் பெரும்பாலும் உணவு-வளர்சிதை மாற்றத்தில் விழும். ஒரே நோயின் மூன்று அடையாளங்கள் மூன்று கட்டங்களில். எந்தப் படிவமும் அவற்றைத் தானாகச் சேர்க்காது. போதாக்குறைக்கு, பாலியல் பற்றிய கட்டத்தில் எல்லோரும் ‘பொருந்தாது’ என்று எழுதிவிடுகிறார்கள். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் தேர்ந்தெடுப்பதென்றால் டம்மிக்குச் சில வாரம் போதும், அதுவும் விலை குறைந்த டம்மி. வியர்க்கிற, பேசுகிற டம்மிக்குப் போடும் பணத்தை நடிப்பு நோயாளிகளுக்குச் செலவிடுவேன். தொழில்முறை நடிகர்கள் வேண்டியதில்லை, ஓய்வுபெற்ற நர்சுகள் பிரமாதமாகச் செய்வார்கள், எத்தனையோ நோயாளிகளைப் பார்த்தவர்கள். கூடப் படிக்கும் தோழியை மட்டும் உட்காரவைக்கக் கூடாது. பாலியல், சாவு, கடன் போன்ற வாய்வராத கேள்விகளை அங்கேயே கேட்டுப் பழகிவிட்டு, அப்புறம் வார்டு. அங்கே மாணவருக்கு ஒரு நாளைக்கு ஒரு நோயாளி போதும். முதல் அரைமணி நேரம் படிவம் பையில் இருக்கட்டும், ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பேசட்டும்.

மதிப்பெண் போடுவதிலும் ஒன்றை மாற்றியிருக்கிறேன். கட்டங்களை நிரப்பியதற்கு இருந்த மதிப்பெண்ணில் 10-ஐக் கழித்து, படிவத்தின் கடைசியில் ஒரு கேள்வி சேர்த்தேன்: ‘இதில் எந்த இரண்டு தகவல்கள் ஒன்றோடொன்று சேர்கின்றன, ஏன்?’ முதல் தடவை பாதிப் பேர் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். தலையணை விஷயத்தில் மாட்டிய மாணவி மட்டும் பக்கம் போதாமல் பின்பக்கமும் எழுதியிருந்தாள்.