புதுச்சேரிக்கு ஒரு கையெழுத்து, ஹாங்காங்குக்கு ஒரு கையெழுத்து

பிரான்சின் தேசிய தினமான ஜூலை 14 அன்று புதுச்சேரி கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்தில், பதக்கங்களைச் சட்டையில் குத்திக்கொண்டு வயதான சொல்தாக்கள், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள், நிற்பார்கள். தமிழில் பேசிக்கொள்வார்கள், பையில் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் இருக்கும். ஹாங்காங்கை பிரிட்டன் சீனாவிடம் ஒப்படைத்த பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அவர்கள் ஞாபகம்தான்.

பிரான்சின் கையில் இருந்த நம் ஊரை இந்தியாவோடு சேர்க்கலாமா என்று முதலில் கேட்டார்கள். 1954 அக்டோபர் 18, கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணையச் சொன்னார்கள். பொதுமக்களிடம் நேரடியாகக் கேட்கவில்லை என்ற குறை இருக்கிறது, சரிதான். ஹாங்காங்கில் அந்த அளவுக்குக்கூட இல்லை. 1984-இல் லண்டனும் பெய்ஜிங்கும் ஒப்படைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன, 1997-இல் கொடி மாறியது.

பெரிய வித்தியாசம் குடியுரிமையில். இந்தியாவும் பிரான்சும் போட்ட 1956 ஒப்பந்தம் 1962-இல் நடைமுறைக்கு வந்தபோது, இங்கே பிறந்து வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியர்களானார்கள். வேண்டாம் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்து பிரெஞ்சுக்காரராகவே இருக்கலாம், முழு உரிமையோடு. பிரிட்டன் ஹாங்காங் மக்களுக்குத் தந்த பாஸ்போர்ட்டில் பிரிட்டனில் குடியிருக்கும் உரிமையே இல்லை. 2020-இல் ஹாங்காங்கில் சீனாவின் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான், 2021-இல் பிரிட்டன் அவர்களுக்குத் தனி விசா வழி திறந்தது.

ஹாங்காங்குக்குச் சீனா தந்த, 50 ஆண்டுக்கு எதுவும் மாறாது என்ற வாக்குறுதியைவிட அந்த ஆறு மாத அவகாசமே மேல் என்பேன். வாக்குறுதி ஆள்பவர் கையில் இருந்தது. பிரெஞ்சுக்காரராகவே இருக்கிறேன் என்று எழுதிக்கொடுக்கும் பேனா நம் ஆட்கள் கையில் இருந்தது.