செவி நரம்புக் கட்டி: காமா நைஃபா, திறந்த அறுவையா?

செவி நரம்பில் வளரும் புற்றல்லாத கட்டி 3 செ.மீ.க்குள் இருக்கும்போது, காமா நைஃப் என்ற கதிர்வீச்சா அறுவையா என்ற தயக்கம் நியாயமானதே.

செய்முறை: காமா நைஃபில் மரப்பு ஊசி போட்டு, நெற்றியிலும் பின்தலையிலும் நான்கு திருகுகளால் உலோகச் சட்டத்தைப் பொருத்தி, கோபால்ட்-60 கதிர்களை ஒரே அமர்வில் குவிக்கிறார்கள், கட்டியின் விளிம்புக்கு 12 அல்லது 13 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) போதும். அறுவையில் முழு மயக்கம் தந்து, மண்டையோட்டைத் திறந்து, பல மணி நேரம் நுண்ணோக்கி வழியே கட்டியை அகற்றுகிறார்கள்.

மீட்சி: முன்னதில் பெரும்பாலும் மறுநாளே வீடு திரும்பலாம், பின்னதில் பல வாரங்கள் ஆகும்.

கட்டியின் கதி: அறுவை அதை வெளியே எடுத்துவிடும், கதிர்வீச்சோ வளர்ச்சியை நிறுத்துகிறதே தவிர, கட்டியை மறையச் செய்வதில்லை. முதல் ஆண்டில் அது சற்று வீங்கித் தெரிவதும் உண்டு. அதைக் கண்டு சிகிச்சை தோற்றுவிட்டதென்று பதற வேண்டாம் என அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தொடர்ந்து எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பது அவசியம்.

முகநரம்பு: கதிர்வீச்சில் பாதிப்பு அரிது, அறுவையில் கட்டி பெரிதாக இருக்கும் அளவுக்கு அபாயமும் கூடும்.

கேட்கும் திறன்: இரண்டிலும் உத்தரவாதமில்லை, கதிர்வீச்சுக்குப் பின் அது ஆண்டுக்கணக்கில் மெல்லக் குறையலாம்.

மூளைத்தண்டை அழுத்தும் பெரிய கட்டிக்கு அறுவையே பொருந்தும். சிறிய, ஆனால் வளர்ந்துவரும் கட்டியுள்ள முதியவருக்கும், முழு மயக்கம் தாங்காத உடல்நிலை கொண்டவருக்கும் காமா நைஃபையே முன்வைப்பேன்.