ஆஷ்ரிட்ஜா, பர்னம் பீச்சஸா?

லண்டனிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய இலையுதிர் காடுகளில் இந்த இரண்டையும்தான் முதலில் சொல்வேன்.

ஆஷ்ரிட்ஜில் டாக்கி வுட் என்ற பகுதி ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் புளூபெல் பூக்களால் தரையெல்லாம் நீலமாகிவிடும். மரங்கள் இலைவிட்டு நிழல் மூடுவதற்குள் அந்தச் செடிகள் கிடைக்கிற வெயிலில் பூத்து முடிக்க வேண்டும். அதனால் சில வாரம்தான் காட்சி, கூட்டமும் அப்போதுதான். தயவுசெய்து பாதையை விட்டு இறங்காதீர்கள். இலை மிதிபட்டால் செடி தேறப் பல வருடம் ஆகும்.

பக்கிங்ஹாம்ஷயரின் பர்னம் பீச்சஸுக்கு அக்டோபர் கடைசி சரியான நேரம். 1880-இல் லண்டன் மாநகர நிர்வாகம் வாங்கிக் காத்துவரும் காடு இது. விறகுக்காக, ஆடுமாடு எட்டாத உயரத்தில் கிளைகளை வெட்டி வெட்டி வளர்த்த பீச் (beech) மரங்கள், சில நூறு வயதானவை, இன்னும் நிற்கின்றன. அடிமரம் குட்டையாகப் பருத்து, முண்டும் முடிச்சுமாக, உள்ளே ஆள் நுழையும் அளவுக்குக்கூடப் பொந்து விழுந்திருக்கும். மேலே இலையெல்லாம் செம்பு நிறம். எனக்கு இந்த மரங்கள்தான் உசத்தி.

ஒரு தடவைதான் போக முடியும் என்றால் பர்னம் பீச்சஸ் போங்கள். பூவுக்குத் தேதி தவறினால் போச்சு, மரம் எந்த மாதமும் இருக்கும். அப்புறம், இரண்டு இடத்துக்குமே சேறு தாங்கும் பூட்ஸ் வேண்டும்.