ஜிப்லைனா, கயிற்றுப் பாதையா: பிள்ளைகளுக்கு எது?

குற்றாலச் சாரலில் நனைந்து முடித்ததும் "அடுத்து எங்க மாமா?" என்று கேட்கிற பிள்ளைகள் எல்லா வீட்டிலும் உண்டு. மரத்தில் ஏறி விளையாடும் பூங்காவுக்குக் கூட்டிப் போகலாம். பாபநாசம், காரையாறு பக்கம் அதைத் தேட வேண்டாம். களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். அந்தக் காடு காடாகவே இருக்கட்டும். வெளியூர் மலைப் பூங்காவுக்குத்தான் போக வேண்டும். அங்கே ஒரு நாளைக்கு ஒன்றுதான் என்றால் ஜிப்லைனா, மரத்துக்கு மரம் போகும் கயிற்றுப் பாதையா? எனக்குக் கயிற்றுப் பாதைதான்.

ஜிப்லைன் என்பது இரண்டு மேடைகளுக்கு நடுவே சரிவாகக் கட்டிய இரும்பு வடம். பெல்ட்டை மாட்டிக் கப்பியில் தொங்கவிட்டால் நம் எடையே நம்மை இழுத்துப் போகும். காற்று காதில் அடிக்கும், கீழே பள்ளத்தாக்கு ஓடும், அரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அந்த அரை நிமிடமும் பிள்ளை செய்வதற்கு அதிகமாக ஒன்றுமில்லை.

இதில் எடை ரொம்ப முக்கியம். கனமான ஆள் வேகமாகப் போய்ச் சேருவார். லேசான பிள்ளை எதிர்க்காற்று அடித்தால் மேடைக்கு முன்பே நின்றுவிடும். என் அக்கா மகனுக்கு ஒன்பது வயதில் அப்படித்தான் ஆனது. மேடைக்கு நாலைந்து மீட்டர் இருக்கும்போது நின்று, பின்னாலேயே சறுக்கி, வடம் தொய்ந்த இடத்தில் தொங்கினான். ஊழியர் ஒருவர் வடத்தைக் கையால் பிடித்துப் பிடித்து வந்து இழுத்துப் போனார். ஏற்றுவதற்கு முன் யாரும் அவனை எடை போட்டுப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. குறைந்தபட்ச எடை என்ன என்று கேளுங்கள். பதில் தெரியாத இடத்தில் பிள்ளையை ஏற்றாதீர்கள்.

கயிற்றுப் பாதை வேறு மாதிரி. ஆடும் பலகை, வலை, ஒற்றை வடம் என்று ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு சோதனை. இடுப்புப் பெல்ட்டிலிருந்து இரண்டு கொக்கிகள் தொங்கும். ஒன்றைக் கழற்றி அடுத்த வடத்தில் 'டக்' என்று மாட்டிய பிறகுதான் இன்னொன்றில் கை வைக்க வேண்டும். எந்த நேரமும் ஒரு கொக்கியாவது வடத்தில் இருக்கும். தளைநாரைக் காலில் மாட்டி, கலயத்தோடு ஏறுகிற நம்ம ஊர்ப் பனையேறிக்கு இந்த இரண்டாவது கொக்கி கிடையாது. 30 மீட்டர் வரை வளரும் மரத்தில் கையையும் காலையும் நம்பித்தான் ஏறுகிறார். பிள்ளைகளிடம் அதைச் சொல்லுங்கள்; கொக்கியை அலட்சியமாகத் தொட மாட்டார்கள்.

சில பூங்காக்களில் முதல் மரத்தில் மாட்டினால் கடைசி மரத்தில்தான் கழற்ற முடிகிற ஒரே ஓட்டக் கப்பி இருக்கிறது. பத்து வயதுக்குக் கீழே என்றால் அதுவே நல்லது. கைத்தவறுதலாகக் கழற்றிவிடுவானோ என்ற பயம் இல்லை. இரண்டு கொக்கி முறையைப் பெரிய பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பாட்டியும் கூட வருகிறார்களா? அப்போது செங்கோட்டை தாண்டித் தென்மலை. சூழல் சுற்றுலா மையத்தில் மரக்கிளை உயரத்துக்கு நடைபாதை உண்டு; நடந்தால் போதும். ரயிலில் போனால் பதின்மூன்று கண் பாலத்தையும் கடக்கலாம். அகலப் பாதையாக்கி 2018-ல் மறுபடியும் திறந்த தடம் அது. ஆனால் ஏறணும், தொங்கணும் என்று துடிக்கிற பையனுக்கு அங்கே நடப்பது மட்டும் போதாது.

எதைத் தேர்ந்தாலும் சாரல் மாதங்களில் வேண்டாம். பலகை வழுக்கும், இடி வந்தால் இறக்கிவிடுவார்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை சரியான காலம். அப்புறம், செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். கூந்தலை இறுக்கிக் கட்டி, துப்பட்டாவையும் செயினையும் கழற்றிக் கீழே நிற்பவரிடம் கொடுத்துவிட்டு ஏறுங்கள். கப்பியில் முதலில் சிக்குவது இவைதான்.